'நரம்புத் தளர்ச்சி' முதல் புரோஸ்டேட் வரை: ஆண்கள் வெளியே சொல்லத் தயங்கும் பிரச்னைகள்... எது உண்மை, எது கட்டுக்கதை?

அச்சன்புதூர் மாதிரி ஒரு ஊரில் காய்ச்சல் வந்தால் யாரும் யோசிப்பதில்லை. டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆனால் சிறுநீர் போகும்போது எரிச்சல், விதைப்பையில் வீக்கம், தாம்பத்தியத்தில் தடுமாற்றம் என்று ஏதாவது வந்தால் கதையே வேறு. மெடிக்கல் ஷாப்பில் நிற்பவர் தெரிந்தவர். ஆஸ்பத்திரி வரிசையில் பின்னால் நிற்பவர் மாமன் அல்லது மச்சான். 'எதுக்கு வந்தீங்க?' என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது?

இந்தக் கூச்சத்தை நம்பித்தான் ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. பஸ் ஸ்டாண்ட் கழிவறைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ், மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டு ஆள் பார்க்கும் 'வைத்தியர்', நள்ளிரவு டிவி நிகழ்ச்சி, இப்போது செல்போனில் வரும் ரீல்ஸ் விளம்பரம் என இடம் மாறினாலும் வசனம் மாறுவதில்லை. 'இளமையில் செய்த தவறால் நரம்புத் தளர்ச்சியா? ஆண்மைக் குறைவா?'

விளைவு இரண்டு விதம். நோயே இல்லாத இளைஞர் பயந்துபோய் ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொட்டுகிறார். உண்மையாகவே நோய் இருக்கும் அவருடைய அப்பாவோ, 'வயசானா இப்படித்தான்' என்று சும்மா இருந்துவிடுகிறார். பயப்படத் தேவையில்லாதது எது, தள்ளிப்போடவே கூடாதது எது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'ஒரு துளி விந்து, நூறு துளி ரத்தம்' என்பது உண்மையா?

இல்லை. விந்து ரத்தத்திலிருந்து வடித்தெடுக்கப்படுவதில்லை. அதில் பெரும்பகுதி, விந்துப்பை மற்றும் புரோஸ்டேட் என்ற சுரப்பிகளில் சுரக்கும் திரவம்தான். விந்தணுக்களின் பங்கு ஏறத்தாழ 2 முதல் 5 சதவீதம் மட்டுமே. ஒருமுறை வெளியேறுவது சில மில்லி லிட்டர். விதைகளில் தினமும் கோடிக்கணக்கில் புதிய விந்தணுக்கள் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. ஒரு விந்தணு முழுதாக உருவாக சுமார் 74 நாட்கள் ஆகும். எடுத்தால் தீர்ந்துபோகிற சேமிப்பு இது கிடையாது.

பிறகு இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? சித்த மருத்துவம் உடலை சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என ஏழு தாதுக்களாகப் பிரிக்கிறது. சாப்பிட்ட உணவு படிப்படியாக மாறி கடைசியில் சுக்கிலமாகிறது என்ற கணக்கில், அது மிக உயர்ந்த பொருளாகக் கருதப்பட்டது. ஆயுர்வேதத்திலும் இதே மாதிரியான வரிசை உண்டு.

இது நம் ஊர் பயம் மட்டுமல்ல. சுவிட்சர்லாந்து மருத்துவர் டிசோ, சுய இன்பத்தால் பலவித நோய்கள் வரும் என்று 1760-ல் பிரெஞ்சு மொழியில் ஒரு புத்தகமே எழுதினார். ஐரோப்பாவும் நூறு ஆண்டுகளுக்கு மேல் அதை நம்பியது. பிறகு மருத்துவ அறிவியல் வளர்ந்ததும் கைவிட்டது.

இந்தியாவில் இந்தப் பயத்துக்கு ஒரு பெயரே உண்டு. விந்து வீணாகிறது என்ற கவலையால் சோர்வு, உடல் வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று வருபவர்களின் நிலைக்கு, மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-ல் 'தாத் சிண்ட்ரோம்' எனப் பெயரிட்டார். 'தாது' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர்தான் அது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாவது பதிப்பிலும் இது இடம்பெற்றது. இதில் முக்கியமான விஷயம், சோர்வு உண்மையானது. ஆனால் அதற்குக் காரணம் விந்து வெளியேறுவது அல்ல. அதைப் பற்றிய பயமும் குற்ற உணர்ச்சியும்தான்.

சுய இன்பம், தூக்கத்தில் விந்து வெளியேறுவது... உடம்பு கெட்டுப்போகுமா?

கெடாது. சுய இன்பத்தால் நரம்புத் தளர்ச்சி, கண் பார்வைக் குறைவு, முடி கொட்டுதல், உறுப்பு சிறுத்துப்போதல், குழந்தையின்மை எதுவும் வருவதில்லை. 'நரம்புத் தளர்ச்சி' என்று விளம்பரங்கள் சொல்வது எந்த நரம்பு, என்ன பரிசோதனையில் தெரியும் என்று கேட்டால் பதில் இருக்காது.

2004-ல் அமெரிக்காவில் 29,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து வெளியான ஆய்வில், அடிக்கடி விந்து வெளியேறுபவர்களுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் அபாயம் கூடவில்லை என்று தெரியவந்தது. படிப்பு, வேலை, குடும்பம் பாதிக்கிற அளவுக்கு ஒரு பழக்கம் கட்டுப்பாட்டை மீறினால் அது மனநல ஆலோசகரிடம் பேச வேண்டிய விஷயம். அதற்கு லேகியம் மருந்தல்ல.

தூக்கத்தில் விந்து வெளியேறுவதை 'சொப்பன ஸ்கலிதம்' என்று பெரிய நோய் மாதிரி சொல்வார்கள். வளரிளம் பருவத்தில் இது இயல்பு. சிகிச்சையே தேவையில்லை.

சிறுநீரில் வெள்ளையாகப் போனால்?

எல்லா நேரமும் அது விந்து அல்ல. தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்கும், சில உணவுகளுக்குப் பிறகும் சிறுநீரில் பாஸ்பேட் உப்பு சேர்ந்து கலங்கலாகத் தெரியும். மலச்சிக்கலில் முக்கும்போது புரோஸ்டேட் திரவம் சில துளி வரலாம். இவை ஆபத்தில்லாதவை. ஆனால் எரிச்சல், சீழ், காய்ச்சல், உறுப்பில் புண் ஆகியவை சேர்ந்திருந்தால் அது தொற்று. பால்வினைத் தொற்றாகவும் இருக்கலாம். சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையிலேயே பாதி விடை கிடைத்துவிடும். துணைக்கும் சேர்த்து சிகிச்சை எடுக்காவிட்டால் அதே தொற்று திரும்பி வரும்.

அளவு பற்றிய கவலை

இளைஞர்கள் இணையத்தில் ரகசியமாகத் தேடும் கேள்விகளில் இதுவும் ஒன்று. பல நாடுகளைச் சேர்ந்த 15,521 ஆண்களின் அளவுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வின்படி, விறைப்பு நிலையில் சராசரி நீளம் 13.12 செ.மீ. ஆபாசப் படங்களில் காட்டப்படுவது சராசரி அல்ல. கவலையோடு வருபவர்களில் பெரும்பாலோர் இயல்பான அளவு கொண்டவர்களே. எண்ணெய் தேய்த்தோ மாத்திரை சாப்பிட்டோ அளவு கூடியதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை.

விறைப்புத்தன்மை குறைபாடு: இதயம் கொடுக்கும் எச்சரிக்கை மணி

களைப்பு, மன அழுத்தம், குடி இவற்றால் எப்போதாவது தடுமாற்றம் வருவது எல்லோருக்கும் நடக்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொடர்ந்தால்தான் கவனிக்க வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது 'ஆண்மை'யை அல்ல. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப் பழக்கம் இவற்றைத்தான்.

காரணம் எளிது. விறைப்பு என்பது ரத்த ஓட்டம். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இதயத்தின் ரத்தக்குழாய்களைவிடச் சிறியவை. அடைப்பு சேரத் தொடங்கினால் சிறிய குழாயில்தான் முதலில் தெரியும். அதனால் சிலருக்கு நெஞ்சு வலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்தக் குறைபாடு தலைகாட்டும். இந்த நேரத்தில் லேகியம் வாங்கச் செல்பவர், இதயத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வாய்ப்பைத் தவறவிடுகிறார்.

மாத்திரைகள் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. 'வயாகரா' என்ற பெயரில் பிரபலமான சில்டெனாஃபில், முதலில் நெஞ்சு வலிக்காகப் பரிசோதிக்கப்பட்ட மருந்து. 1998 மார்ச்சில் அமெரிக்கா அதை விறைப்புக் குறைபாட்டுக்கு அங்கீகரித்தது. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சட்டென விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 'முழுக்க மூலிகை' என்று விற்கப்பட்ட சில தயாரிப்புகளில் இதே ரசாயனம் ரகசியமாகக் கலக்கப்பட்டிருந்ததை வெளிநாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பலமுறை கண்டுபிடித்துள்ளன. லேபிளில் பெயர் இல்லாததால் இதய நோயாளிக்குத் தான் என்ன சாப்பிடுகிறோம் என்பதே தெரியாது.

முந்துதல் பிரச்னையும் அப்படித்தான். இது பரவலாக உள்ள, சிகிச்சை உள்ள விஷயம். பயிற்சி, ஆலோசனை, தேவைப்பட்டால் மருந்து என வழிகள் இருக்கின்றன.

குழந்தை இல்லையா? முதல் டெஸ்ட் யாருக்கு?

கல்யாணமாகி ஓராண்டு ஆகியும் குழந்தை இல்லை என்றால் நம் ஊர்களில் முதல் கேள்வி மருமகளைப் பார்த்துத்தான் வரும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கோயில், தர்கா என்று அந்தப் பெண் அலைந்துகொண்டே இருப்பார். ஆனால் குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதி தம்பதிகளுக்கு ஆண் பக்கக் காரணமும் தனியாகவோ சேர்ந்தோ இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளிமையானது, செலவு குறைந்தது, வலி இல்லாதது. அதனால் இருவரும் ஒரே நேரத்தில் பரிசோதிக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி, ஒரு மில்லி லிட்டர் விந்தில் 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்கள் என்பது இயல்பின் கீழ் எல்லை. இதற்குக் கீழே போனால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. வாய்ப்பு குறையும் என்றுதான் அர்த்தம்.

விறைப்பு நன்றாக இருப்பவருக்கு விந்தணு இல்லாமல் இருக்கலாம். விந்தணு நன்றாக உள்ளவருக்கு விறைப்புப் பிரச்னை இருக்கலாம். இரண்டும் வேறு வேறு. டெஸ்ட் ரிசல்ட்டில் எண்ணிக்கை குறைந்தால் அது ஆண்மைக்கு மதிப்பெண் அல்ல.

உடற்பயிற்சிக் கூடத்தில் உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும் இளைஞர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியிலிருந்து ஹார்மோன் போனால் மூளை, 'போதும்' என்று விதைகளுக்குச் சிக்னல் அனுப்புவதை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி பூஜ்ஜியம் வரைகூடப் போகலாம்.

குடும்பக் கட்டுப்பாடு செய்தால் 'பலம்' போய்விடுமா?

போகாது. வாசக்டமியில் விந்தணு வரும் மெல்லிய குழாய் மட்டும் அடைக்கப்படுகிறது. ஹார்மோன், விறைப்பு, ஆசை, திரவத்தின் அளவு எல்லாம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். கத்தி வைக்காத முறையை 1974-ல் சீன மருத்துவர் லீ ஷுன்சியாங் உருவாக்கினார். தையல் இல்லை, அன்றே வீடு திரும்பலாம். ஒரே நிபந்தனை, உடனே பலன் தராது. சுமார் மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்து, விந்தணு இல்லை என்று உறுதி செய்யும்வரை ஆணுறை அவசியம்.

இவ்வளவு எளிதாக இருந்தும் நிலவரம் என்ன? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் சுமார் 58 சதவீதம். ஆண்கள் 0.1 சதவீதம். வயிற்றைத் திறக்கும் பெரிய ஆபரேஷன் மனைவிக்கு, சில நிமிடச் சிறிய சிகிச்சைக்கு ஆண் தயாரில்லை. 'பலம் போயிரும்' என்ற ஒரு கட்டுக்கதைக்கு வீட்டுப் பெண்கள் கொடுக்கும் விலை இது.

சுன்னத், முன்தோல், சர்க்கரை

முஸ்லிம் குடும்பங்கள் கணிசமாக வாழும் இந்தப் பகுதியில் சுன்னத் பற்றியும் இரண்டு பக்கமும் தவறான நம்பிக்கைகள் உண்டு. சுன்னத் செய்தால் உணர்ச்சி போய்விடும் என்பது ஆய்வுகளில் நிரூபிக்கப்படவில்லை. சுன்னத் செய்தவருக்குப் பால்வினை நோயே வராது என்பதும் தவறு. பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. பரவும் அபாயத்தை இது சுமார் 60 சதவீதம் குறைப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2007-ல் கூறியது. முழுப் பாதுகாப்பு என்று சொல்லவில்லை. ஆணுறைக்கு அது மாற்று அல்ல.

சுன்னத் செய்யாத, நடுத்தர வயது ஆணுக்கு முன்தோலில் திடீரென வெடிப்பு, அரிப்பு, தோல் பின்னால் போகாமல் இறுக்கம் வந்தால் முதலில் சர்க்கரை டெஸ்ட் எடுக்க வேண்டும். தனக்கு சர்க்கரை இருப்பதே சிலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது.

கல்லடைப்பு: வாழைத்தண்டு போதுமா?

கடையநல்லூர், அச்சன்புதூர் வட்டாரத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். கடும் வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் கெட்டியாகி கல் உருவாகும் வாய்ப்பு கூடும். ஒரு நாளில் 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடிப்பதே முதல் மருந்து. எலுமிச்சைச் சாறு உதவும். உப்பைக் குறைக்க வேண்டும். 'கல் இருக்கு, பாலை நிறுத்து' என்பது தவறு. உணவில் போதிய கால்சியம் இருப்பது பெரும்பாலோருக்கு நல்லதே.

5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்கள் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். வாழைத்தண்டுச் சாறு குடித்து 'கல் கரைஞ்சிருச்சு' என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்திருப்பதும் இதுதான். பீர் குடித்தால் கல் போகும் என்பதை நம்பி உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வலி நின்றுவிட்டால் கல் போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. அடைத்த கல் சத்தமில்லாமல் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்பதால், ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொள்வது அவசியம்.

'வயசானா இப்படித்தான்'... புரோஸ்டேட்டை அலட்சியம் செய்யலாமா?

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சிறிய சுரப்பி புரோஸ்டேட். 50 வயதுக்கு மேல் பல ஆண்களுக்கு இது பெரிதாகும். ராத்திரியில் பலமுறை எழுந்திருத்தல், தாரை மெலிதாதல், சொட்டுச் சொட்டாகப் போதல், முழுசாகப் போன திருப்தி இல்லாமை ஆகியவை இதன் அறிகுறிகள்.

இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். புரோஸ்டேட் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை இதற்கு உதவும். அந்த எண் கூடினாலே புற்றுநோய் என்று முடிவுக்கு வரக்கூடாது. தொற்று, சாதாரண வீக்கம் இருந்தாலும் கூடும். யாருக்கு, எப்போது இந்தப் பரிசோதனை வேண்டும் என்பதை டாக்டருடன் பேசி முடிவு செய்வது நல்லது. அப்பா, அண்ணன், தம்பிக்கு இந்தப் புற்றுநோய் வந்திருந்தால் முன்கூட்டியே பேச வேண்டும்.

இவற்றைத் தள்ளிப்போடவே கூடாது

விதையில் திடீர்க் கடும் வலி: பெரும்பாலும் 12 முதல் 18 வயதுப் பையன்களுக்கு, விதை தன் தண்டிலேயே முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோகலாம். வாந்தியும் வரும். 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஒருநாள் தாண்டினால் விதையையே எடுக்க வேண்டிய நிலை வரும். பல பையன்கள் வெட்கத்தில் 'வயிறு வலிக்குது' என்றுதான் வீட்டில் சொல்வார்கள். பெற்றோர்தான் துருவிக் கேட்க வேண்டும்.

வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம்: ஒரே ஒருமுறை வந்து நின்றாலும் பரிசோதிக்க வேண்டும். 'சூடு' என்று இளநீர் குடித்துவிட்டு விடக்கூடாது. புகை பிடிப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அபாயம் அதிகம். அதன் முதல் அறிகுறி பெரும்பாலும் இதுதான்.

விதையில் வலியில்லாத கட்டி: விதைப் புற்றுநோய் 15 முதல் 40 வயதுக்குள் அதிகம் வருகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.

விதைப்பை வீக்கம்: ஓதம், அண்டவாதம் என்று ஊரில் சொல்லப்படும் நீர்க்கோர்ப்பு, யானைக்கால் நோய்க் கிருமியாலும் வரலாம், வேறு காரணத்தாலும் வரலாம். குடல் இறக்கமும் இப்படித் தெரியும். வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு வருடக்கணக்கில் நடப்பதைவிட, ஒரு ஆபரேஷனில் முடித்துக்கொள்ளலாம்.

சிறுநீர் முழுசாக அடைத்துக்கொள்ளுதல், கல் வலியோடு குளிர் காய்ச்சல், நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காத விறைப்பு: இந்த மூன்றுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இந்த விளம்பரங்களுக்குத் தடை இல்லையா?

இருக்கிறது, அதுவும் 70 ஆண்டுகளாக. 1954-ம் ஆண்டின் 'மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம்', பாலியல் இன்பத் திறனைக் கூட்டும் என்று சொல்லி மருந்து விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. ஆண்மைக் குறைபாடு, புரோஸ்டேட் கோளாறு, விதைப்பை நீர்க்கோர்ப்பு, சிறுநீரகக் கல் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவும் கூடாது. முதல்முறை குற்றம் நிரூபிக்கப்பட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஓராண்டு வரை சிறை.

ஆனாலும் சுவர் நோட்டீஸ் குறையவில்லை. ஏமாந்தவர் போலீசுக்குப் போனால், எதற்காக மருந்து வாங்கினேன் என்று முதலில் சொல்ல வேண்டும். அந்தக் கூச்சம்தான் ஏமாற்றுபவருக்குக் காவல்.

இதை வைத்து சித்த மருத்துவத்தையே குறை சொல்வதும் சரியல்ல. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இருக்கிறது. படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர்கள் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போகலாம். லாட்ஜ் ரூமில், பதிவு எண் காட்டாமல், பரிசோதனை செய்யாமல், 'பேக்கேஜ்' பேசுபவரிடம்தான் போகக்கூடாது.

எங்கே போகலாம்?

தென்காசி மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் முதலில் காட்டலாம். மேல் சிகிச்சை தேவைப்பட்டால் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரியல் அறுவை சிகிச்சைத் துறை உள்ளது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள 'நம்பிக்கை மையம்', பால்வினைத் தொற்றுக்கு 'சுக வாழ்வு மையம்' இலவசம். விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும்.

ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயங்குபவர்கள் முதலில் போனில் பேசலாம். பொது மருத்துவ ஆலோசனைக்கு 104, எச்.ஐ.வி. மற்றும் பால்வினை நோய் சந்தேகங்களுக்கு 1097, பயம், மனச்சோர்வுக்கு டெலி மானஸ் 14416. அவசரத்துக்கு 108.

ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் எல்லோர் முன்பும் விவரம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 'யூரின் பிரச்னை' என்ற இரண்டு வார்த்தை போதும். மீதியை டாக்டரிடம் தனியாகச் சொல்லலாம்.